வெளிறிய படையின் காரணம்

எங்கள் ஊர்க் கடல் பதினெட்டு நாள் கரிக்காமல் கிடந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், அவர்கள் வீட்டு டிவியிலிருந்து ஏழு பேர் இறங்கி வரவில்லை, அவர்கள் அப்போதுதான் துடைத்து முடித்த தரையில் ஈயக் கலர் பூட்ஸ் பதியவில்லை, அதனால் அவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். தரையைத் துடைத்தவள் நான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது ஏப்ரல் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. பரீட்சைக்குப் படிக்க லீவு என்று கல்லூரியிலிருந்து வந்திருந்த என் மகள் டெல்ஃபி, அந்த லீவு முழுவதும் ஒரே வீடியோ கேமை விளையாடிக்கொண்டிருந்தாள். அதில் வெளிறிய படை என்று ஒரு வில்லன் கூட்டம். உடம்பெல்லாம் தகரக் கவசம், முகமெல்லாம் சுண்ணாம்பு, ஊர் ஊராகப் போய் அங்கே இருக்கிற உப்பையெல்லாம் ஒழித்துக்கட்டுவதுதான் அவர்கள் தொழில். தூத்துக்குடியில், உப்பளம் வைத்திருக்கிற ராயப்பன் வீட்டு டிவியில், உப்பை ஒழிக்கிறவர்கள் காலையிலிருந்து ராத்திரி வரை ஓடிக்கொண்டிருந்தால் வீட்டுக்காரி கேட்காமல் இருப்பாளா? ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் போகும்போதும் கேட்டேன்.

"ஏட்டி, இவனுங்க எதுக்கு உப்பை ஒழிக்கிறானுங்க?"

"கதை அப்படித்தாம்மா. வில்லன்னா வில்லன்தான்."

"வில்லனும் சோறு திங்கணும்ல? உப்பில்லாம எப்படித் திங்கறான்? இதுல அவனுக்கு என்ன கிடைக்குது?"

"அதெல்லாம் முதல்ல ஒரு வரி வரும்மா, எல்லாரும் ஸ்கிப் பண்ணிடுவாங்க."

நான் பன்னிரண்டு வருஷம் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். 'காரணம் கூறுக' என்ற கேள்விக்குக் காரணம் கூறாமல் கதை எழுதினால் எங்கள் சிஸ்டர் விடைத்தாளையே சுருட்டி முகத்தில் வீசுவார்கள். அந்தப் பழக்கம் கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, நாற்பத்தொன்பது வயசாகியும் போகவில்லை. அன்றைக்கும் தரை துடைக்கிற துணியைப் பிழிந்துகொண்டே டிவியைப் பார்த்து, "எதுக்குடா செய்யறீங்க?" என்று கேட்டேன். அவர்கள் இறங்கி வந்தார்கள்.

"மானிடப் பெண்ணே! இந்நகரத்தின் உப்பை அழிக்க வெளிறிய படை வந்திருக்கிறது!" என்றான் முன்னால் நின்றவன். அவன்தான் தளபதி ஆர்வேன். தமிழ் எப்படி வந்தது என்று பிறகும் யாரும் கேட்கவில்லை. வடக்கேயிருந்து பேங்குக்கு வருகிற மேனேஜர்கள் ஆறு மாசத்தில் பேசிவிடுகிறார்கள், இவர்களுக்கு ஆறு விநாடி ஆனது.

"பெண்ணேயா? அக்கான்னு சொல்லுங்க. தரை ஈரம், ஓரமா நடங்க," என்றேன்.

ஏழு பேரும் சுவரோரமாகவே நடந்து, மாடிப்படி ஏறி, மொட்டை மாடியில் கொடி மரம் ஒன்றை நட்டார்கள். சிமெண்ட் கிடையாது, குழி கிடையாது, வெறும் தளத்தின்மேல் பனைமர உயரத்துக்கு அது தானாக நின்றது. உச்சியில் வெளுத்துப்போன ஒரு துணி. "எங்கள் காரணம் நிற்கும்வரை இக்கொடி நிற்கும், இக்கொடி நிற்கும்வரை எங்கும் உப்பு கரிக்காது," என்று ஆர்வேன் தெருவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான். எதிர்வீட்டுக்காரி துணி காயப்போடுவதை நிறுத்திக் கேட்டுவிட்டு, மறுபடி காயப்போட்டாள்.

மத்தியானம் மீன்குழம்பில் உப்பு இல்லை. போட்டேன், இன்னும் போட்டேன், ஜாடியையே கவிழ்த்தேன், மணலைப் போட்டதுபோல இருந்தது. சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஊர் என்ன செய்யும்? முதல் நாள் பேசியது, இரண்டாம் நாள் பார்க்க வந்தது, மூன்றாம் நாள் பழகிவிட்டது. புரோட்டாக் கடையில் சால்னாவுக்கு எலுமிச்சையும் மிளகும் இரண்டு மடங்காக்கினார்கள், கருவாட்டுக்காரிகள் மீனைக் காயப்போட்டால் நாறுகிறது என்று மஞ்சள் பூசிப் பார்த்தார்கள், பல் தேய்க்க உப்பு வைத்திருந்தவர்கள் கரிக்கு மாறினார்கள், கடலில் குளிக்கப்போன பையன்கள் வாய் நிறையக் கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டார்கள். எங்கள் வீட்டு வாசலில் ஒரு டீக்கடை முளைத்தது. எல்லாரும் தளபதியை ஆர்வேன் அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், ஏனென்றால் எங்கள் ஊரில் வயசு தெரியாத ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

ரிட்டயர்டு தலைமை ஆசிரியர் ஞானப்பிரகாசம் சார், காலையில் பூங்காவில் நடக்கிற பிரஷர்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து ஆர்வேனுக்கு மாலையே போட்டார். "இவங்க வந்தப்புறம் எனக்கு நூத்தி இருபதுக்கு மேல ஏறலம்மா. வில்லன்னு சொல்லாதே, டாக்டர்னு சொல்லு," என்றார்.

"உங்க பிரஷர் இறங்கட்டும் சார். எங்க அளம் இறங்கிட்டிருக்கே, அதைப் பார்த்தீங்களா?"

அதுதான் விஷயம். பத்து ஏக்கர் அளம், முப்பது பேருக்கு வேலை. உப்புக் கிணற்றுத் தண்ணீர் தெப்பம் என்கிற பெரிய தேக்கத்தில் கிடந்து வெயிலில் முறுகி, பாத்திக்குப் போய் வெள்ளையாகப் பூக்க வேண்டிய மாசம் இது. பூக்கவில்லை. தண்ணீர் காய்ந்தது, அடியில் மண் தெரிந்தது. என் வீட்டுக்காரர் ராயப்பன் தினமும் போய்ப் பார்த்துவிட்டுப் பேசாமல் வந்து உட்கார்ந்தார். பதினான்காம் நாள் பேசினார்.

"வர்ற சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன் பிலோ. பூக்கலைன்னா கேட்டைப் பூட்டிருவேன். முப்பது பேரையும் வேற ஊருக்குப் போகச் சொல்லணும்."

"பூட்டிட்டு?"

"தெரியாது."

அதற்குள் ஊர் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். துறைமுகத்திலிருந்து கிரேன் வந்து கொடி மரத்தை இழுத்தது, கிரேனின் கழுத்துதான் வளைந்தது. பிறகு எங்கள் ஊர் எப்போதும் செய்வதைச் செய்தது: மனு எழுதியது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதுகிறவர்கள் மேஜையைத் தூக்கிக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். 'ஐயா, நாங்கள் மிகவும் கஷ்டப்படும் ஏழைகள், எங்கள் துயரத்துக்கு அளவே இல்லை, கண்ணீரோடு தங்கள் பாதம் பணிந்து...' என்று எல்லா மனுவும் ஒரே மாதிரி. ஆர்வேன் ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்கி, முழுவதும் படித்து, நெஞ்சில் வைத்துக்கொண்டான். கல்நெஞ்சக்காரன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பதினான்காம் நாள் வடகம் காயவைக்க மாடிக்குப் போனபோதுதான் பார்த்தேன். ஒரு மனுவை அவன் படித்து முடித்ததும் கொடி மரம் ஒரு விரல் பருத்தது. அடுத்த மனு, இன்னொரு விரல்.

"அண்ணாச்சி, உங்க காரணம் என்ன? ஒரே வரியில சொல்லுங்க," என்றேன்.

"துயரத்தை ஒழிப்பது," என்றான். "துயரம் கண்ணீரில் வாழ்கிறது. கண்ணீர் உப்பில் வாழ்கிறது. உப்பை அழித்தால் கண்ணீர் அழியும், கண்ணீர் அழிந்தால் துயரம் அழியும். பாருங்கள், இந்நகரில் எத்தனை துயரம்!" என்று மனுக் கட்டைத் தூக்கிக் காட்டினான். நூற்றுப் பதினேழு மனு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, ஆனால் அவன்மேல் இல்லை. ஊர்க்காரர்கள் அழுது அழுது எழுதிக்கொடுத்து அவனுடைய காரணத்துக்கு உரம் போட்டிருக்கிறார்கள். மாடி விளிம்பிலிருந்து கீழே கத்தினேன்: "இனிமே ஒருத்தரும் அழுது எழுதக்கூடாது! கண்ணீர்னு ஒரு வார்த்தை இருந்தா மேஜையைத் தெருவுல தூக்கி எறிவேன்!"

"அப்ப என்ன எழுத அக்கா?" என்றார் ஒருவர். பாவம், அவருக்கு வேறு எழுதத் தெரியாது.

எழுத வேண்டாம், கேள்வி கேட்க வேண்டும், காரணம் ஆடினால் கொடியும் ஆடும். மறுநாள் காலை எங்கள் அளத்தில் வாருபலகை பிடிக்கிற சந்தனமாரியை மாடிக்குக் கூட்டிவந்தேன். இருபது வருஷமாக உப்பு வாருகிறவள், வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போடுகிறவள், மூன்று பிள்ளைகளையும் அந்தப் பலகையால் வளர்த்தவள். கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். கண் சிவந்திருந்தது.

"எப்ப அழுத?"

"தினமுந்தான் அக்கா. சனிக்கிழமை கேட்டைப் பூட்டிட்டா எங்கன போவேன்? அழுதா முன்ன மாதிரி கரிக்கக்கூட மாட்டேங்குது, பச்சத் தண்ணி மாதிரி ஓடுது."

"கேட்டீங்களா அண்ணாச்சி?" என்றேன். "உப்பு போச்சு. கண்ணீர் போகல. துயரம் போகல, நீங்க வந்தப்புறம் கூடியிருக்கு. மழை பெய்யுதுன்னு ஊர்ல இருக்கற குடையெல்லாம் கொளுத்தினா மழை நின்னுருமா?"

ஆர்வேன் சந்தனமாரியின் கண்ணைக் குனிந்து பார்த்தான். அவன் பின்னால் நின்ற ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கொடி மரம் ஒரு முழம் சாய்ந்தது, எங்கள் தெருவில் எல்லா மொட்டை மாடியிலும் வெயிலுக்குக் குடைபிடித்து நின்ற சனம் ஓவென்று கத்தியது, டீக்கடைக்காரர் அந்த வேளைக்கு எல்லாருக்கும் இலவசமாக டீ கொடுத்தார்.

ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. புதன்கிழமை நான் கோயிலுக்குப் போயிருந்த ஒரு மணி நேரத்தில் எங்கிருந்தோ ஒரு தூதுக்குழு பேனர் பிடித்து வந்து, முந்நூறு பேர் கையெழுத்துப் போட்ட மனுவைக் கொடுத்துவிட்டுப் போட்டோவும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. 'எங்கள் துயர் துடைப்பீர்' என்று தலைப்பு. திரும்பி வந்து பார்க்கிறேன், மரம் ஆணி அடித்தாற்போல நேராக நிற்கிறது. வியாழன் போனால் வெள்ளி, வெள்ளி போனால் சனி. ராயப்பன் கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கி மேஜைமேல் வைத்திருந்தார்.

அன்றிலிருந்து டெல்ஃபியை மாடிப்படியில் உட்காரவைத்தேன். கையில் மனுவோடு யார் வந்தாலும் வாங்கிக் கிழி என்றேன். பரீட்சைக்குப் படிக்காத பெண் அதை நன்றாகச் செய்தாள்.

வியாழக்கிழமை ஞானப்பிரகாசம் சார் தன் கூட்டத்தோடு வந்து ஆர்வேன் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். "அவங்க கொள்கை நீண்டகாலத் திட்டம்மா. உலகத்துல கடைசி உப்பும் போனாத்தான் பலன் தெரியும். கண்ணீர்னா துக்கம், துக்கம்னா கண்ணீர், இதுல என்ன சந்தேகம் உனக்கு?"

"அதேதான்," என்றான் ஆர்வேன், நன்றியோடு.

நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அன்றும் மாடிக்கு வந்திருந்த சந்தனமாரி தளபதியை மேலும் கீழும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "ஏன் அண்ணாச்சி, இந்தத் தகரத்தை உடுத்துகிட்டு எப்படி உக்காருவீக? அவசரத்துக்கு ஒதுங்கணும்னா யாரு வந்து ஸ்குரூ கழட்டுவா?"

ஆர்வேன் அதற்கும் முழு மரியாதையோடு யோசித்து, "அதைப் பற்றி எங்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை," என்றான்.

ஞானப்பிரகாசம் சார் சிரித்தார். முதலில் மூக்கால் சிரித்தார், பிறகு வாயால், பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சிரிக்காமல் சேர்த்துவைத்ததையெல்லாம் சேர்த்து ஒரேயடியாகச் சிரித்தார், கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது.

"சார், கண்ணைத் துடைங்க," என்றேன். "இது எந்தத் துக்கம்?"

சிரிப்பு நின்றது. சார் தன் கைக்குட்டையைப் பார்த்தார். நனைந்திருந்தது. நேர்மையான மனிதர், எத்தனையோ பிள்ளைகளுக்கு மார்க் போட்டவர், தனக்கே தப்புப் போட்டுக்கொண்டார். "துக்கம் இல்லம்மா," என்றார். நாற்காலியைத் தூக்கி எங்கள் பக்கம் போட்டுக்கொண்டார். கொடி மரம் தண்ணீர்த் தொட்டிமேல் சாயும் அளவுக்கு வளைந்தது.

ஆனால் விழவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை விழவில்லை. நான் கேட்டேன், டெல்ஃபி கேட்டாள், சார் வரிசை எண் போட்டு எழுதிவந்து கேட்டார், அது அப்படியே வளைந்து நின்றது. அடியில் இன்னும் ஏதோ ஒரு வேர் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ராயப்பனும் அன்று மாடிக்கு வந்து, தொட்டி நிழலில் சந்தனமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"யாரோட துயரம் அண்ணாச்சி?" என்று கேட்டேன். "முதன்முதல்ல யாரு அழுதா?"

ஆர்வேன் நிமிர்ந்தான். இந்தக் கேள்விக்காகவே அவன் காத்திருந்ததுபோல முகம் மாறியது. "எங்கள் அரசி. அவளுடைய குழந்தை இறந்தது. அவள் அழுதாள். அவள் கண்ணீரை நிறுத்துவோம் என்று நாங்கள் சத்தியம் செய்தோம்."

மரம் நடுங்கி, ஒரு சாண் நிமிர ஆரம்பித்தது. சிரிக்கக்கூடிய காரணம் இல்லை அது.

"அரசி உங்ககிட்ட கேட்டாளா, என் அழுகையை நிறுத்துங்கன்னு?"

"அரசியை நான் பார்த்ததில்லை."

"பார்த்ததில்லையா?"

"கோட்டைச் சுவரில் அவள் படம் இருக்கிறது."

திரும்பி டெல்ஃபியைப் பார்த்தேன். "நாற்பது மணி நேரம் விளையாடிட்டேம்மா," என்றாள், முதல்முறையாகக் குரல் தாழ்ந்து. "அரசி வரவே மாட்டா. அந்த ஒரு படம்தான்."

"அவ பேரு என்ன அண்ணாச்சி?"

அவன் யோசித்தான். ஆறு பேரும் யோசித்தார்கள். ஒருவன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு யோசித்தான்.

"செத்துப்போன பிள்ளை ஆணா, பெண்ணா? பேரு என்ன? எத்தனை வயசு? காய்ச்சலா, என்னது?"

அப்போது தொட்டி நிழலிலிருந்து சந்தனமாரி முன்னால் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு மூணு பிள்ளைன்னுதான் ஊருக்குத் தெரியும். நாலு. மூத்தது பேரு முத்துக்கனி. ஒரு வருஷம் ரெண்டு மாசம் இருந்தா. பல்லு நாலு முளைச்சிருந்துது, கீழ ரெண்டு, மேல ரெண்டு. இப்பவும் நெனைச்சா அழுவேன் அண்ணாச்சி. நிறுத்துங்கன்னு எவன்கிட்டயும் கேக்கமாட்டேன். நிறுத்த வந்தா அடிப்பேன். பேரில்லாத பிள்ளைக்கு எந்தத் தாயும் அழுததில்ல. உங்க அரசின்னு ஒருத்தி இல்ல. பிள்ளையும் இல்ல. எவனோ அவசரத்துல உங்களுக்கு ஒரு காரணத்தைச் சொல்லி அனுப்பிட்டான், அதைத் தூக்கிகிட்டு இம்புட்டுத் தூரம் வந்துட்டீக."

ஆர்வேன் அவளையே பார்த்தான். பிறகு, அதுவரை எந்த ஆட்டத்திலும் யாரிடமும் சொல்லாததை, மெதுவாகச் சொன்னான்: "ஆமாம் அக்கா. எங்களுக்குத் தெரியாது."

கொடி மரம் விழுந்த சத்தம் திருச்செந்தூர் ரோட்டில் கேட்டதாம். விழுந்து உடையவில்லை, விழும்போதே பொடியாகி, பொடி காற்றில் போய், கிழக்கேயிருந்து கடல்காற்று திரும்ப அடித்தது, ஒவ்வொரு மாடியிலும் சனம் உதட்டை நக்கிப் பார்த்தது, கரித்தது, கரித்தது, கரித்தது என்று ஒரு மாடி இன்னொரு மாடிக்குச் சொல்லி அது துறைமுகம் வரைக்கும் போனது, கோயில்களில் எல்லாம் மணி அடித்தார்கள், புரோட்டாக் கடையில் சால்னா அண்டாவுக்குள் ஒரு கை உப்பை அள்ளி வீசினார்கள், பிரஷர்காரர்கள் மாத்திரையைத் தேடினார்கள். ராயப்பன் மேஜைமேல் இருந்த பூட்டை எடுத்துப் பரணில் வீசிவிட்டு, என்னைப் பார்த்து, "நல்லாத்தான் வாயடிக்கற பிலோ," என்றார். இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில் அவர் இதைப் புகழாகச் சொன்னது அன்றுதான்.

கிணற்றுத் தண்ணீர் தெப்பத்தில் ஏறி, முறுகி, பாத்திக்கு வந்து பூக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. அந்தப் பன்னிரண்டு நாளும் ஏழு பேரும் மாடியிலேயே இருந்தார்கள். டிவி அவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. டெல்ஃபி போட்டுப் பார்த்தபோது வெறும் கோட்டைதான் தெரிந்தது. தெருவில் ஆளுக்கொரு வீட்டிலிருந்து சோறு வந்தது, அவர்கள் தொடவில்லை. ஆட்டத்தில் இருந்தவரை பசி என்று ஒன்றை யாரும் அவர்களுக்கு எழுதிவைக்கவில்லை.

உப்பு வாரும் முதல் நாள் விடிகாலை நானும் அளத்துக்குப் போனேன். பாத்தி பாத்தியாக வெள்ளை. இத்தனை வெள்ளையைப் பார்த்தால் கண்ணாடி போடாத கண் கூசும். முப்பது பேரும் ஒருவர் குறையாமல் நின்றார்கள், ராயப்பன் பேர் வாசித்துக்கொண்டிருந்தார். அப்போது வரப்பின்மேல் ஏழு பேர் வரிசையாக வந்தார்கள். தகரம் இல்லை. தெருக்காரர்கள் கொடுத்த லுங்கியும் பனியனும். கேட்டின் வெளியே நின்றார்கள்.

"வேலை வேண்டும்," என்றான் ஆர்வேன்.

ராயப்பன் பேர் வாசிப்பதை நிறுத்தினார். முப்பது பேரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். வேறு என்ன செய்வேன்? கேட்டேன்.

"எதுக்கு?"

அவன் அரசி என்று சொல்லவில்லை, உலகம் என்று சொல்லவில்லை. வயிற்றில் கையை வைத்தான், அங்கே நடப்பது என்ன என்று சரியாகத் தெரிந்துகொள்வதுபோலச் சற்று நேரம் நின்றான்.

"பசிக்கிறது அக்கா."

அடுத்த கேள்வியைத் தேடினேன். என்னிடம் ஒன்றுகூட இல்லை.

"அங்கன என்ன பார்வை? வெயில் ஏறுதுல்லா!" என்று சந்தனமாரி வாருபலகையைக் கொண்டுபோய் அவன் கையில் திணித்தாள். "குனிஞ்சு இழுங்க அண்ணாச்சி. முதுகை வளைங்க. இப்பத்தான் தகரம் இல்லையே!"

அவன் இழுத்தான். பலகைக்கு முன்னால் உப்பு சலசலவென்று திரண்டு வந்தது. ஏழு மணிக்கு முழங்கால் உயரம், எட்டு மணிக்கு இடுப்பு உயரம், ஒன்பது மணிக்குக் குவியலுக்கு அந்தப் பக்கம் நின்ற என் வீட்டுக்காரரின் தலை எனக்குத் தெரியவில்லை.